‘பழையபடி’ என்பது எந்த வருடம்? – இத்தாலிய ஆர்கன் மீட்பு பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

பழைய தேவாலய ஆர்கன் ஒன்று பழுது நீங்கித் திரும்ப ஒலிக்க ஆரம்பித்ததும், அதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: அதன் அசல் ஒலி மீண்டுவிட்டது. இசைத்தட்டின் உறையிலும் கச்சேரி அறிவிப்பிலும் அதே சங்கதிதான். எனக்கு அந்த ‘அசல்’ என்ற சொல்லோடுதான் சண்டை. நானூறு ஐந்நூறு வருடங்களில் ஒரே கருவியில் எத்தனையோ பேர் கைவைத்திருக்கிறார்கள். ஒருவர் குழாயைச் சேர்த்தார், இன்னொருவர் வெட்டினார், மூன்றாமவர் பாதியைத் தூக்கிக் கடாசிவிட்டுப் புதிதாகப் போட்டார். இதில் அசல் எது?

நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருள். யாரோ எப்போதோ எழுதிய பழைய நிரலைச் சரிசெய்யச் சொல்லி வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியாக இது எப்போது ஒழுங்காக ஓடியது?’ என்பதுதான். வரலாறு கிட்டில் இருக்கும். அந்த நாளின் பிரதியை எடுத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் இன்றைய பிரதிக்கே திரும்பலாம். எதுவும் அழியாது.

ஆர்கனில் அந்த வசதி இல்லை. இருப்பது ஒரே ஒரு பிரதி. 1600-க்குத் திரும்ப வேண்டும் என்றால் 1820-ஐ அழிக்க வேண்டும். ஆர்கன் மீட்பைப் பற்றிய எந்த விமர்சனமும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு இத்தாலியை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஆர்கன்கள் அங்கே ஏராளம், அவற்றைப் பற்றிய சண்டைகளும் ஏராளம்.

முதலில் கருவி

ஹார்மோனியம் பார்த்தவர்களுக்கு இது பாதி புரிந்துவிடும். துருத்தி காற்றைத் தள்ளுகிறது, கட்டையை அழுத்தினால் ஒரு வழி திறக்கிறது. ஹார்மோனியத்தில் அந்தக் காற்று உலோக நாக்கை அதிரவைக்கும். ஆர்கனில் பெரும்பாலும் விசில் மாதிரி வாய் வைத்த குழாய்களுக்குப் போகும். குழாயின் நீளம்தான் சுருதி. இரு பக்கமும் திறந்த சுமார் 8 அடிக் குழாய் நொடிக்கு ஏறக்குறைய 65 அதிர்வு தரும். நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி மேலே போகும்.

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழாய் என்று வைத்தால் அது ஒரு வரிசை. ஆர்கனில் அப்படிப் பல வரிசைகள் உண்டு. எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் இழுப்பான்களால் தீர்மானிக்கலாம்.

இதில் இத்தாலியர்களின் வழி தனி. அடிப்படை வரிசைக்குப் பெயர் பிரின்ச்சிபாலே. மற்றவற்றின் பெயர்கள் வெறும் எண்கள்: எட்டு, பதினைந்து, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தாறு, இருபத்தொன்பது. அடிப்படை ஸ்வரத்தை ஒன்று என்று வைத்து எண்ணிப் பாருங்கள். எட்டு மேல் ஸட்ஜம். பதினைந்து அதற்கும் மேல் ஸட்ஜம். பத்தொன்பது பஞ்சமம், இருபத்திரண்டு மறுபடி ஸட்ஜம், இருபத்தாறு மறுபடி பஞ்சமம். ஸட்ஜ பஞ்சமம் மட்டும் மாற்றி மாற்றி அடுக்கிய கோபுரம். அதிர்வெண்ணில் சொன்னால் 2, 4, 6, 8, 12, 16 மடங்கு. ஃபூரியே பிறப்பதற்கு முன்னூறு வருடம் முன்பே மரமும் ஈயமும் வைத்து ஒருங்கிசைகளைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

இந்தக் கோபுரம் முழுவதற்கும் பெயர் ரிப்பியேனோ, அதாவது நிரப்பு. ஐரோப்பாவின் வடக்கே இந்த உயர்ந்த வரிசைகளைச் சேர்த்துக் கட்டி ஒரே இழுப்பானில் வைத்துவிடுவார்கள். இத்தாலியில் ஒவ்வொன்றும் தனித்தனி. வாசிப்பவர் தனக்கு வேண்டிய நிறத்தைத் தானே கலந்துகொள்ளலாம். காற்றழுத்தமும் குறைவு, பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் நீர்மட்டம். வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆர்கன்களில் இதைப்போல இரண்டு மடங்கு சகஜம். பழைய இத்தாலிய ஆர்கன் கத்தாமல் பாடுகிற மாதிரி இருப்பதற்கு இந்த மெல்லிய காற்று ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு விசேஷம் ஃபிஃபாரோ, பின்னாளில் வோச்சே உமானா. பிரின்ச்சிபாலே மாதிரியே இன்னொரு வரிசை, ஆனால் வேண்டுமென்றே கொஞ்சம் சுருதி விலக்கி வைத்தது. ஒரு குழாய் 440-இலும் அடுத்தது 443-இலும் ஒலித்தால் நொடிக்கு 3 முறை ஒலி அலையும். பிரெஷ்யாவின் ஆர்கன் குடும்பத்தைச் சேர்ந்த கொஸ்தான்ஸோ அன்தெஞாத்தி 1608-இல் வெளியிட்ட ‘லார்த்தே ஒர்கானிகா’ என்ற சிறு நூலில், இதைப் பிரின்ச்சிபாலேயோடு மட்டும் சேர்த்து வாசிக்கச் சொல்கிறார். திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும் நேரத்துக்கென்று ஃப்ரெஸ்கோபால்டி 1635-இல் ‘ஃபியோரி மூசிகாலி’யில் எழுதிய மெதுவான தொக்காத்தாக்களை இந்த அலையும் ஒலியில் கேட்டுப் பாருங்கள். காகிதத்தில் பார்க்கும்போது ஏன் இவ்வளவு கரடுமுரடாக எழுதினார் என்று தோன்றுவது, காதில் விழும்போது தோன்றாது.

41 சென்ட் விவகாரம்

சுருதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மீட்பில் மிகப் பெரிய நஷ்டம் நடப்பது இங்கேதான்.

ஒரு அரை ஸ்வரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்கு 1 சென்ட். ஸட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலான தூய இடைவெளி 386 சென்ட். தம்புராவை நன்றாகச் சேர்த்தால் யாரும் மீட்டாமலே கேட்கிறதே, அந்தக் காந்தாரம். இன்றைய பியானோவில் அதே இடைவெளி 400 சென்ட். 14 சென்ட் கூடுதல். நடு ஸ்தாயியில் இரண்டு ஸ்வரத்தையும் சேர்த்துப் பிடித்தால் நொடிக்கு ஏறக்குறைய 10 முறை உறுமும். நம் காது பழகிவிட்டது, அவ்ளோதான்.

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் பரவலாக இருந்த மீன்டோன் முறை காந்தாரத்தைத் தூய்மையாக வைத்தது. அதற்கு விலையாகப் பஞ்சமங்களைக் கொஞ்சம் இறக்கியது, 702-இலிருந்து 696.6-க்கு. பன்னிரண்டு காந்தாரங்களில் எட்டு அற்புதமாக இருக்கும். மீதி நான்கு 427 சென்ட், காதில் வைக்க முடியாது. ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் இங்கே ஒரே ஸ்வரம் அல்ல. இரண்டுக்கும் 41 சென்ட் வித்தியாசம், அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட பாதி. சில ஆர்கன்களில் இதற்காகவே கறுப்புக் கட்டையைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, முன்பாதிக்கு ஒரு குழாய், பின்பாதிக்கு வேறு குழாய் என்று வைத்தார்கள். மாந்துவாவில் சாந்தா பார்பரா தேவாலயத்துக்கு கிராத்சியாதியோ அன்தெஞாத்தி 1565-இல் கட்டிய ஆர்கன் அப்படிப்பட்டது. ஜோர்ஜோ கார்லி அதை மீட்ட வேலை 2006-இல் முடிந்தது.

இப்போது ஒருவர் வந்து, ‘இது நவீனமாக இல்லையே, எல்லா ஸ்வரக்கோவையிலும் வாசிக்க வேண்டுமே’ என்று சமச் சுருதிக்கு மாற்றுகிறார் என்று வையுங்கள். கணினியில் அது ஒரு அளவுருவை மாற்றுகிற வேலை. குழாயில் அப்படியில்லை. சுருதி ஏற வேண்டும் என்றால் குழாயின் மேல் விளிம்பை வெட்ட வேண்டும். இறங்க வேண்டும் என்றால் ஒட்டுப் போட வேண்டும், அல்லது எல்லாக் குழாயையும் ஒரு கட்டை தள்ளி வைக்க வேண்டும். வெட்டிய துண்டு உருக்கப் போய்விடும். இங்கே ‘அன்டூ’ கிடையாது.

இரண்டு தூய்மைவாதங்கள்

வெட்டியது யார்? பொதுவாகச் சொல்லப்படும் கதையில் வில்லன் பத்தொன்பதாம் நூற்றாண்டு. கதை அவ்வளவு நேராக இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இத்தாலியில் மூச்சுக்காற்றே ஓபரா. தேவாலயமும் விலக்கல்ல. பெர்கமோவின் செராஸ்ஸி குடும்பம் கட்டிய பெரிய ஆர்கன்களில் மணிகள், மேளம், ஜால்ரா எல்லாம் உண்டு. பியாச்சென்ஸாவின் சாந்தா மரியா தி கம்பாஞா தேவாலயத்துக்கு அவர்கள் 1820-களில் கட்டிய ஆர்கனில் பாத்ரே தாவிதே தா பெர்கமோ (1791–1863) என்ற பிரான்சிஸ்கன் துறவி வாசித்தார். திருப்பலிக்கென்று அவர் எழுதியவற்றைக் கேட்டால் திரை எப்போது தூக்குவார்கள் என்று தோன்றும். நம்ம ஊர்க் காதுக்கு அது ஒரு பேண்டு வாத்தியக் குழு.

பிறகு எதிர்வினை வந்தது. செச்சிலிய இயக்கம் என்ற இசைச் சீர்திருத்தக்காரர்கள், தேவாலயத்துக்குள் நாடகக் கொட்டகை நுழைந்துவிட்டது என்றார்கள். பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று வெளியிட்ட ஆணை அந்தக் கருத்துக்கு அதிகாரம் தந்தது. இதற்குப் பல வருடம் முன்பே ஆர்கன் கட்டுவோரும் வாசிப்போரும் வெளிநாட்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு கீபோர்டு, முழு நீளக் கால்கட்டைகள், சமச் சுருதி, பாக்கும் வாசிக்கலாம் ஃபிராங்கும் வாசிக்கலாம் என்கிற பொதுக் கருவி. அதற்காகப் பல பழைய ஆர்கன்களின் காற்றுப்பெட்டியைக் கழற்றினார்கள், நேரடி மர இணைப்புகளுக்குப் பதில் காற்றுக்குழாய் இயக்கம் வைத்தார்கள், அழுத்தத்தைக் கூட்டினார்கள். எல்லாம் தூய்மையின் பெயரால்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரண்டாவது தூய்மைவாதம் வந்தது. இவர்கள் அறிஞர்கள். ரெனாத்தோ லுனெல்லி, லுயிஜி ஃபெர்டினாந்தோ தால்யவீனி (1929–2017), ஒஸ்கார் மிஸ்கியாத்தி போன்றவர்கள் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் படித்தார்கள், குழாய்களை அளந்தார்கள். ‘லொர்கனோ’ என்ற ஆய்விதழ் 1960-இல் தொடங்கியது. பிரெஷ்யாவின் சான் ஜுசெப்பே தேவாலயத்தில் இருக்கும் 1581-ஆம் வருட அன்தெஞாத்தி ஆர்கனை 1956-இல் மக்கரினெல்லி மீட்டது, இந்த அலையின் ஆரம்ப மைல்கற்களில் ஒன்று. இவர்கள் இல்லையென்றால் நாம் பேசுவதற்கு இன்று எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஆனால் இந்த அலையின் ஓரத்தில் ஒரு சேதம் நடந்தது. மறுமலர்ச்சிக் காலத்தையும் பரோக்கையும் காதலித்தவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மணியும் மேளமும் குப்பையாகத் தெரிந்தன. மீட்பு என்ற பெயரில் பல இடங்களில் அந்த அடுக்கு நீக்கப்பட்டது. இடைவெளிக்கு ‘அன்தெஞாத்தி இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பார்’ என்று ஊகித்துப் புதுக் குழாய்கள் வந்தன. செச்சிலியர்களும் பாத்ரே தாவிதேயின் மேளத்தைத்தான் வெறுத்தார்கள், பழைய இசை ஆர்வலர்களும் அதையேதான் வெறுத்தார்கள். கொள்கையில் இரண்டு துருவம், கையில் இருந்த கத்தரிக்கோல் ஒன்று.

இத்தாலிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘ரெஸ்தவ்ரோ’ என்றால் இருப்பதைக் காப்பாற்றிச் சீர்செய்வது. ‘ரிப்ரிஸ்தினோ’ என்றால் முந்தைய நிலைக்கே கொண்டுபோவது. முதல் சொல்லைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்வதுதான் சிக்கலே.

சான் பெத்ரோனியோ: பாராட்டும் ஒரு குறையும்

பொலோஞாவின் சான் பெத்ரோனியோ பெருங்கோவிலில் பாடகர் பகுதியின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு ஆர்கன்கள். ஒன்று லொரென்ஸோ தா பிராத்தோ 1471–75-இல் கட்டியது. இன்றும் வாசிக்கப்படும் உலகின் மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று, முகப்பின் பெரிய குழாய் 24 அடி வகை. எதிரே இருப்பது பல்தஸ்ஸாரே மலாமினி 1596-இல் கட்டியது. இரண்டையும் 1974 முதல் 1982 வரை தம்புரீனி நிறுவனம் மீட்டது. வழிகாட்டியவர்கள் தால்யவீனியும் மிஸ்கியாத்தியும்.

இந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். காரணம், அது ஒரு வருடத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. தா பிராத்தோவின் கருவியில் 1531 வாக்கில் ஜொவான்னி பத்திஸ்தா ஃபக்கெத்தி செய்த மாற்றங்கள் இருக்கின்றன. ‘1475 அல்லவா அசல்’ என்று அவற்றைப் பிடுங்கி எறியவில்லை. பிற்கால பரோக் முகப்பு அலங்காரமும் அப்படியே நிற்கிறது. அதாவது இன்று நாம் கேட்பது 1475, 1531, பிற்காலம், 1982 எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. நேர்மையான, யோசித்துச் செய்த கலவை.

தால்யவீனியும் லியூவ தம்மிங்காவும் இந்த இரண்டு ஆர்கன்களையும் எதிரெதிரே வாசித்துச் செய்த பதிவுகளைக் கேட்கும்போது எனக்குப் பிடித்தது, சுருதியின் விளைவு கண் முன் தெரிவது. பெரிய ஸ்வரக்கூட்டு ஒன்று வந்து நிற்கும்போது அது அசையாமல் நிற்கிறது, உறுமல் இல்லை. அடுத்து ஒரு முரண் ஸ்வரம் வந்தால் முள் மாதிரி குத்துகிறது. சமச் சுருதியில் எல்லாமே கொஞ்சம் உறுமுவதால், ஓய்வுக்கும் முரணுக்கும் இவ்வளவு தூரம் இருக்காது. பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் ஒரு கூட்டை ஏன் அவ்வளவு நேரம் பிடித்து வைத்தார்கள் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

என் குறை மீட்டவர்கள் மேல் இல்லை, நம் பேச்சின் மேல். இந்தக் கருவியை அறிமுகப்படுத்துகிறவர்கள் ‘பதினைந்தாம் நூற்றாண்டின் ஒலி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்பவரும் கால யந்திரத்தில் ஏறியதாக நினைத்துக்கொள்கிறார். அந்த வரி மீட்பாளர்களின் உழைப்பையே மறைக்கிறது. அவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும், எந்தச் சுருதி, எவ்வளவு காற்று, எந்த அடுக்கு வரை என்பதெல்லாம், வாதத்துக்கு உரிய முடிவுகள். ‘ஒலி மீண்டது’ என்று சொன்னால் முடிவு எடுத்த ஆளே காணாமல் போகிறார்.

குழாய் சொல்லும் சாட்சி

‘ஊகமே கூடாது, ஆதாரம் இருந்தால் மட்டும் செய்யலாமே’ என்று கேட்கலாம். ஆதாரம் நிறையவே கிடைக்கிறது, அது ஒரு துப்பறியும் வேலை. ஒவ்வொரு குழாயிலும் அது எந்த ஸ்வரம் என்று கீறி வைத்திருப்பார்கள். ஒரே குழாயில் இரண்டு கீறல், இரண்டு கையெழுத்து இருந்தால் அது இடம் மாறியிருக்கிறது. மேல் விளிம்பில் வெட்டின் வடிவம் மாறினால் சுருதி ஏறியிருக்கிறது. ஒட்டு இருந்தால் இறங்கியிருக்கிறது. காற்றுப்பெட்டியின் மேல் பலகையில் அடைக்கப்பட்ட துளைகள், காணாமல் போன வரிசைகளின் எண்ணிக்கையைச் சொல்லும். துருத்தியின் மடிப்பில் காற்றுக் கசியாமல் ஒட்டிய பழைய கணக்குத் தாள்களில் சில சமயம் வருடமே கிடைக்கும். வெள்ளீயமும் காரீயமும் எந்த விகிதம் என்று அளந்தால் இரண்டு பட்டறைகளைப் பிரித்துவிடலாம்.

இதெல்லாம் நீளத்தையும் இடத்தையும் சொல்லும். ஒலியின் குணத்தைச் சொல்லாது. குழாயின் வாய் எவ்வளவு உயரம், காற்று வரும் கீற்று எவ்வளவு அகலம், உள்நாக்கு எந்தக் கோணம் என்பதில்தான் குரல் இருக்கிறது. இந்த வேலையை வாய்ஸிங் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு மாறினாலும் குரல் மாறும். முந்நூறு வருடத்தில் சுத்தம் செய்த ஒவ்வொருவரும் அதைத் தொட்டிருப்பார். ஈயம் தன் எடையாலேயே மெல்லத் தளரும். மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி குழாயின் காலை அரிக்கும். கோவிலின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலே சுருதி ஏறக்குறைய 3 சென்ட் நகரும். அதனால் கடைசி முடிவைக் காதுதான் எடுக்கிறது. அந்தக் காது இன்றைய காது.

ஒலிக்குக் கோடு போட முடியுமா?

இங்கேதான் மீட்புக் கோட்பாட்டோடு எனக்கு முக்கியமான கருத்து வேறுபாடு. இத்தாலியில் மீட்பு பற்றி யார் பேசினாலும் செசாரே பிராண்டியிடம் வருவார்கள். 1939-இல் ரோமில் தொடங்கிய மத்திய மீட்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1963-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பாடம். அவர் சொன்னதன் சாரம்: ஒரு கலைப்பொருளின் முழுமையை மீட்கலாம், ஆனால் அதற்காகப் பொய் செய்யக் கூடாது, காலம் அதன் மேல் நடந்துபோன தடத்தை அழிக்கவும் கூடாது.

ஓவியத்தில் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். சுவரோவியத்தில் உதிர்ந்துபோன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் படம் முழுமையாக இருக்கும். பக்கத்தில் போனால் கோடுகள் தெரியும், ‘இது நாங்கள் போட்டது’ என்று ஒப்புக்கொள்ளும். நேர்மையும் அழகும் ஒன்றாக.

ஆர்கனில் இதற்கு ஈடு எது? பத்தொன்பதாம் வரிசையில் 20 குழாய் காணோம். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் வாசிக்கும்போது ஓட்டை விழும். நிரப்பினால் புதுக் குழாய் பழைய குழாயோடு கலந்துவிடும். கலப்பதற்குத்தானே ரிப்பியேனோ! கேட்பவருக்கு எது 1581, எது போன வருடம் என்று பிரிக்க வழியே இல்லை. புதுக் குழாயின் உடம்பில் வருடத்தைப் பொறிக்கலாம், பொறிக்கவும் செய்கிறார்கள். அது உள்ளே ஏறிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். கண்ணுக்கு ஒப்புதல் உண்டு, காதுக்கு இல்லை.

அதனால் ஓவிய மீட்பின் விதிகளை ஆர்கனுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது என்கிறேன். ஓவியத்தில் நேர்மை பொருளுக்குள்ளேயே தெரியும். ஆர்கனில் நேர்மை பொருளுக்கு வெளியே, காகிதத்தில்தான் இருக்க முடியும். எந்தக் குழாய் எவருடையது, எது புதியது, எந்தச் சுருதியை ஏன் தேர்ந்தோம், எதை நீக்கினோம், நீக்கியதை எங்கே வைத்திருக்கிறோம் என்ற முழுப் பட்டியல். அது வெளியே வராத மீட்பு, எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், பாதி வேலைதான்.

இரண்டாவது, திரும்பப் பெறக்கூடிய வழிகள். விலங்குப் பசை வெந்நீரில் இளகும், நவீனப் பசை பல இளகாது. ஆட்டுத்தோலை உரித்து மாற்றலாம். குழாயை வெட்டினால் வெட்டியதுதான். ஆகவே வெட்டுவதைவிட ஒட்டுவது மேல், ஒட்டுவதைவிடச் சும்மா விடுவது மேல்.

அடுக்கோடு வாழ்வது

பிரெஷ்யாவின் பழைய பேராலயத்தில் இன்னொரு பதில் இருக்கிறது. 1536-இல் ஜான் ஜாக்கொமோ அன்தெஞாத்தி கட்டிய ஆர்கனை 1826-இல் செராஸ்ஸி விரிவாக்கினார்கள். பழைய குழாய்களை மதித்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் அந்தக் கருவி இரண்டு பெயரையும் சேர்த்தே சுமக்கிறது. அதைத் ‘தூய’ அன்தெஞாத்தியாக மாற்றினால் மிஞ்சுவது ஒரு ஊகம், தொலைவது ஒரு நிஜ செராஸ்ஸி. பழைய குழாயின் குரலை முந்நூறு வருடம் கழித்து வந்த பட்டறை எப்படிக் கேட்டது, எதற்குக் கட்டுப்பட்டது என்பதும் இசை வரலாறுதானே?

பியாச்சென்ஸாவின் மேளத்தையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். எனக்குப் பாத்ரே தாவிதேயின் இசை பெரிய விருப்பமில்லை. ஆனால் அன்றைய மக்கள் ஞாயிறு காலையில் எதைக் கேட்டுக் கண் மூடினார்கள் என்பதற்கு அந்த மணியும் மேளமும்தான் சாட்சி. ரசனையை அளவுகோலாக வைத்தால் இருபது வருடத்துக்கு ஒருமுறை ஒரு நூற்றாண்டை நாடு கடத்த வேண்டியிருக்கும்.

இதில் பங்குத்தந்தையின் பக்கமும் இருக்கிறது. கட்டடம் தேவாலயத்தினுடையது, ஞாயிறன்று பாட்டுக்கு வாசிக்க ஒரு கருவி வேண்டும். பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி அரசின் பாதுகாப்பு அலுவலகம் அனுமதிக்க வேண்டும். ஆய்வாளர் 1581 கேட்பார், பாடகர் குழு இன்றைய சுருதி கேட்கும். மீட்பு என்பது எப்போதுமே ஒரு பேரம். அதை மறைக்காமல் சொன்னால் போதும்.

‘சாம்பிள் எடுத்து வைத்துவிட்டால் போச்சு’

என் துறைக்காரர்கள் தவறாமல் சொல்லும் யோசனை இது. ஹாப்ட்வெர்க் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பதிவு செய்து, வீட்டுக் கீபோர்டில் வாசிக்கலாம். அருமையான விஷயம், பயிற்சிக்கும் படிப்புக்கும் பெரிய உதவி. ஆவணமாகவும் மதிப்புண்டு.

ஆனால் அது ஒரு நாளின் நகல். பத்துக் குழாய் ஒரே நேரத்தில் காற்றை உறிஞ்சும்போது துருத்தி லேசாகத் தளர்ந்து ஒலி மூச்சு விடுகிறதே, அது தனித்தனிப் பதிவுகளின் கூட்டலில் தானாக வராது. வேண்டுமானால் அதையும் கணக்கிட்டுச் சேர்க்கலாம், அப்போது அது ஒரு மாதிரியாக்கம். நேரடி இயக்கத்தில் கட்டையை மெல்ல விடுவதற்கும் சட்டென்று விடுவதற்கும் குழாயின் தொடக்கமும் முடிவும் மாறும். முக்கியமாக, நாளைக்கு ஒருவர் புதுக் கேள்வியோடு வந்தால் பதிவிடம் கேட்க முடியாது. ஈயத்தின் கலவை என்ன, இந்தக் கீறல் யாருடைய கை என்பதற்குக் குழாயே வேண்டும். காப்புப் பிரதி வேறு, மூலம் வேறு.

எப்படி மதிப்பிடுவது

அடுத்த முறை மீட்கப்பட்ட ஆர்கன் ஒன்றின் பதிவு உங்கள் கையில் வந்தால், இனிமையாக இருக்கிறதா என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, எந்தக் காலத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று உறையில் சொல்லியிருக்கிறார்களா? ‘அசல்’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு, அந்தத் திரும்புதலுக்காக எதைக் கொடுத்தார்கள்? கழற்றிய வரிசை எங்கோ பத்திரமாக இருக்கிறதா, உருகிப் போனதா? மூன்று, ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் ‘நீங்கள் முடிவு செய்தது சரியில்லை’ என்று வந்தால், அவர் வேறு முடிவு எடுக்க வழி விட்டு வைத்திருக்கிறார்களா?

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். 1880-களின் சீர்திருத்தக்காரர்களுக்கும் தங்கள் ரசனை மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது, 1960-களின் சில மீட்பாளர்களுக்கும் இருந்தது. இன்றைய நமக்கும் இருக்கிறது, நம்முடையது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு நூற்றாண்டின் காது அடுத்த நூற்றாண்டுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை, வெட்டுவதற்கு முன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைப்பது. அதைச் செய்த பிறகு ஒலிக்கும் ரிப்பியேனோ 1475-இன் ஒலியாக இல்லாமல் போகலாம். ஆனால் அது பொய் சொல்லாது.